தக்காளியா, மாந்தோப்பா?

சித்தூர், திருப்பதிப் பக்கங்களிலிருந்து புறப்பட்டு அயல்நாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் அடிக்கடி எழக் காண்கிறோம். "ஊரில் அண்ணன் கிளிமூக்கு மாந்தோப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார், தக்காளி போட்டிருந்தால் இந்நேரம் மாடிவீடு எழும்பியிருக்கும்" என்கிறார் இங்குள்ள தம்பி. அண்ணன் துணிவற்றவர் என்பது அவர் தீர்ப்பு. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளிச் சந்தையில் 2023 ஜூலை இறுதியில் தக்காளி கிலோ 200 ரூபாயை நெருங்கியது உண்மையே. செப்டம்பரில் அவ்விலை தரையில் கிடந்ததும் உண்மையே. செய்தியைப் படித்துவிட்டு நாற்று நடுகிறவருக்காக விலை காத்திருப்பதில்லை. மாந்தோப்பும் முழு அபயம் அன்று. 2025-இல் கிளிமூக்கு மாங்காய் மிகுதியாகக் காய்த்து, கூழ் ஆலைகள் விலையைக் குறைத்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. ஆயினும் விலை விழுந்த ஆண்டிலும் மரம் நிற்கும். தக்காளியில் விலை விழுந்தால் கடன் மட்டுமே நிற்கும்.

நிற்க. ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்னும் பொருளியலறிஞர், மகாராஷ்டிரத்திலும் அன்றைய ஆந்திரத்திலும் வறண்ட நிலக் கிராமங்களுக்குச் சென்று, விவசாயிகளிடம் மெய்யான பணத்தையே வைத்துப் பூவா தலையா ஆடச் செய்தார். ஆட்டமே வேண்டாம் என்றால் 50 ரூபாய் உறுதி. துணிந்தால் ஒரு பக்கத்துக்கு 200 ரூபாய், மறுபக்கத்துக்கு ஒன்றுமில்லை. இவற்றுக்கிடையே, 30 ரூபாயாவது கிட்டும், விழுந்தால் 150 என்பது போன்ற நடுவழிகளும் இருந்தன. தொகை சிறிதாயிருந்தபோது பலர் பலவாறு ஆடினர்; பெரிதானதும் பெரும்பாலோர் நடுவழிக்கே வந்து சேர்ந்தனர். 1980-இல் வெளியான இம்முடிவில் நம்மை ஈர்ப்பது வேறொன்று. செல்வருக்கும் வறியருக்கும் இதில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை! ஒருவர் புதுப்பயிர் இடுவதும் மற்றவர் தயங்குவதும் மனத்துணிவால் அன்று. கடன் கிடைக்குமா, சந்தை கிட்டுமா என்பன போன்ற வசதிகளால்தான் என்று அவர் கருதினார். அண்ணனுக்கும் தம்பிக்கும் நெஞ்சு ஒன்றே. தம்பிக்கு மாதச் சம்பளம் உண்டு, அண்ணனுக்கு இல்லை.

திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கும் நம் தாய்மார் இதை நன்கறிவர். காரியம் கைகூடினால்தான் காணிக்கை. ஏழுமலையான் ஒப்பும் இந்த உடன்படிக்கையை வட்டிக்கடைக்காரர் ஒப்பமாட்டார். மனிதரிடையே இதற்கு நெருங்கியது வாரம். குத்தகை என்றால் மழை பொய்த்தாலும் பேசியதை அளக்கவேண்டும். வாரம் என்றால் விளைந்ததில்தான் பங்கு.

தம்பி அனுப்பும் பணம் குத்தகையா, வாரமா? இதை நாற்று வாங்கும் முன்பே அண்ணனுக்குத் தெரிவித்துவிடவேண்டும் என்போம். விலை விழுந்தால் பாதி நட்டம் தம்முடையது என்று அவர் எழுதித் தரட்டும். அதன் பின்னும் அண்ணன் தயங்கினால், தோப்பை வெட்டாமல், கிணற்றையொட்டிய அரை ஏக்கரில் மட்டும் இவ்வாண்டு போட்டுப் பார்க்கும்படி கேட்கலாம்.