சகுராவை விடுங்கள்

எந்தச் சஞ்சிகையைப் பிரித்தாலும் ஹைக்கூப் பக்கத்தில் ஒரு சகுரா உதிர்கிறது. எழுதியவர் புத்தளத்திலோ அக்கரைப்பற்றிலோ இருப்பார். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் யப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தார். பின்னர் அப்துல் ரகுமான் அந்த வடிவத்தைத் தமிழுக்குப் பழக்கினார். வடிவத்தைத்தான் தந்தார்கள்; மரத்தையும் சேர்த்து இறக்கச் சொல்லவில்லை. ஹைக்கூவில் பருவத்தைச் சொல்லும் சொல் ஒன்று வரவேண்டும் என்பது மரபு. கவிஞர் நிற்கும் மண்ணின் பருவம் அது. காணாத மரத்தை எழுதுவது அந்த மரபுக்கே விரோதம்.

தொண்டைமானாற்றைப் பாருங்கள். செல்வச்சந்நிதி கோவிலின் தலமரம் பூவரசு. காலையில் மஞ்சளாக விரியும் அதன் பூ மாலைக்குள் சிவந்து வாடிவிடும். நிலையாதவற்றின் முன் மனம் நெகிழ்வதை ‘மோனோ நோ அவாரே’ என்று விரித்துரைத்தவர் மோட்டூரி நொரினாகா (1730–1801). அதற்கு இந்த ஒரு பூ போதும். நாமோ அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு சரி. வேப்பம்பூ முற்றம் முழுக்கக் கொட்டும். அதைக் கூட்டி அள்ளி வடகம் போடுவது யாழ்ப்பாணத்து வழக்கம். இதிலென்ன அழகியல் என்று சிரிக்க வேண்டாம். யப்பானியரும் சகுராப் பூவை உப்பிலிட்டு வைத்து வெந்நீரில் போட்டுக் குடிக்கிறார்கள்.

ஆனால் என் சண்டை மரத்தோடு அல்ல, உதிர்தலை எதற்கெல்லாம் உவமையாக்குகிறோம் என்பதோடு. மலைச் சகுராவைப் பற்றி நொரினாகா எழுதிய புகழ்பெற்ற சிறுபாடல் காலை வெயிலில் பூவின் பொலிவைத்தான் பேசுகிறது. உதிர்வதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1944 ஒக்டோபரில் யப்பானியக் கடற்படை அந்தப் பாடலின் சொற்களையே எடுத்துத் தற்கொலை விமானப் பிரிவுகளுக்குப் பெயராக வைத்தது. 1945இல் ஓர் இளைஞன் உள்ளே அமர்ந்து ஓட்டிப்போய் மோதவேண்டிய குண்டுக்கு ‘ஓகா’ என்று பெயர். சகுராப் பூ என்றுதான் அர்த்தம். இங்கே கார்த்திகைப் பூவுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான் கொடுக்கப்பட்டது.

நாமும் சும்மா இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அதை எழுதும் நமது கவிதைகளிலும் இதழ்கள் உதிர்கின்றன, பூக்கள் காற்றோடு போகின்றன. காற்றா அடித்தது? பூ உதிர்வதற்குப் பருவம் உண்டு, கட்டளை கிடையாது. உதிர்ந்த பூவுக்காக எவரிடமும் கணக்குக் கேட்கவும் முடியாது. இந்த வசதியை நாமே ஏன் செய்துகொடுக்க வேண்டும்? கட்டளையிட்டவர் உண்டு. ஒலிபெருக்கியில் அறிவித்தவர் உண்டு. நகையைக் கழற்றி வாங்கியவர் உண்டு. வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவரும் உண்டு. ‘உதிர்ந்தோம்’ என்று எழுதினால் அத்தனை பேரும் வாக்கியத்தை விட்டு வெளியே போய்விடுகிறார்கள். ‘துரத்தப்பட்டோம்’ என்பதும் போதாது. ‘துரத்தினார்கள்’ என்று எழுதுங்கள்.