பால மேதைகளின் வயது ஏன் குறைகிறது?

அமெரிக்கரான பாபி ஃபிஷர் 1958இல் சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் தகுதியைப் பெற்றபோது அவருக்கு வயது 15 ஆண்டு 6 மாதம்; அந்தச் சாதனை முறியடிக்கப்பட 33 ஆண்டுகள் ஆயின. 1991இல் ஹங்கேரியின் யூதித் போல்கார் 15 ஆண்டு 4 மாதத்தில் அதே பட்டத்தைப் பெற்றதும் சரிவு வேகம் பிடித்தது: 1994இல் பீட்டர் லேகோ 14 ஆண்டு 4 மாதத்திலும், 1999இல் சீனாவின் பூ சியாங்ஜி 13 ஆண்டு 10 மாதத்திலும், 2002இல் செர்கெய் கர்யாகின் 12 ஆண்டு 7 மாதத்திலும், 2021இல் அபிமன்யு மிஸ்ரா 12 ஆண்டு 4 மாதத்திலும் அந்த இடத்தை எட்டினர். இந்த 63 ஆண்டுகளில் மனித மூளை மாறிவிடவில்லை. ஆகவே நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் அச்சிடும் ‘மிக இளம் வயது’ என்ற எண், குழந்தையின் திறமையை அளப்பதைவிட, அந்தக் குழந்தையின் முன் எதை, எவ்வளவு சீக்கிரம், யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதையே அதிகம் அளக்கிறது என்று கொள்வதுதான் நியாயம்.

சோவியத் ஆட்டக்காரர்களின் ஆட்டங்களைப் படிப்பதற்காக ஃபிஷர் ரஷ்ய மொழியைக் கற்க வேண்டியிருந்தது. இன்று பத்து வயதுச் சிறுவன் இலட்சக்கணக்கான ஆட்டங்களைக் கணினித் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கிறான், இரவில் இணையத்தில் வேறொரு கண்டத்தின் கிராண்ட்மாஸ்டரோடு ஆடுகிறான், தன் ஆட்டத்தின் பிழையை உலக சாம்பியனைவிட வலிமையான மென்பொருளிடம் சில நொடிகளில் கேட்டு அறிகிறான். வயது குறைந்ததன் பெரும்பகுதிக்கு இதுவே காரணம். முழுவதற்கும் இதுவே காரணம் என்றால், கணினி வாங்கித் தரப்பட்ட ஒவ்வொரு குழந்தையும் கிராண்ட்மாஸ்டராகியிருக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஹென்றி ஃபெல்ட்மன் 1986இல் வெளிவந்த தம் நூலில் பால மேதைக்குக் கறாரான ஒரு வரையறை தந்தார்: கடினமான ஒரு துறையில், நன்கு பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவரின் தரத்தில், பத்து வயதுக்குள் செயல்படும் குழந்தை. இந்த வரையறையை வைத்துக்கொண்டு வரலாற்றைத் துழாவினால் இசை, சதுரங்கம், கணிதம் ஆகிய துறைகளில் பெயர்கள் குவிகின்றன; நாவல், மருத்துவம், வரலாற்றாய்வு, நீதித்துறை ஆகியவற்றில் அநேகமாக ஒருவரும் தேறுவதில்லை. முதல் வகைத் துறைகளில் விதிகள் தெளிவானவை, செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும், உலக அனுபவம் முன்நிபந்தனை அன்று. மூன்று வயதில் பதிகம் பாடிய திருஞானசம்பந்தரை ஞானப்பாலைக் கொண்டு விளக்கிய மரபு தமிழருடையது. அது பக்தியின் மொழி, அங்கே அதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாதக் கட்டணம் வாங்கும் சென்னைச் செஸ் வகுப்பில் உருவாகும் பிள்ளையையும் ‘பூர்வஜென்ம வாசனை’ என்றே பேசி முடித்துவிடும் பழக்கம், கற்பித்தவரின் உழைப்பையும் கற்றவரின் உழைப்பையும் ஒருசேர மறைத்துவிடுகிறது.

அந்த உழைப்பு மூளைக்குள் என்ன செய்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து ஒரு நிலையை எடுத்து ஐந்து நொடி மட்டும் காட்டினால், தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய எல்லாக் காய்களையும் நினைவிலிருந்து திரும்ப அடுக்கிவிடுவார்; அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் அவருக்கும் புதியவருக்கும் பெரிய வேறுபாடு இராது. வில்லியம் சேஸும் ஹெர்பெர்ட் சைமனும் 1973இல் வெளியிட்ட இந்தச் சோதனையின் பொருள், தேர்ந்தவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை, பழகிய பொருள்தரும் தொகுதிகளாகவே பலகையைப் படிக்கிறார் என்பதாகும். 1978இல் மிஷலின் சீ இதைக் குழந்தைகளிடம் கொண்டுசென்றார்: செஸ் ஆடத் தெரிந்த, சராசரியாகப் பத்து வயதை ஒட்டிய சிறுவர்கள் பலகை நிலையை நினைவில் வைப்பதில் பெரியவர்களை வென்றனர், எண் வரிசையை நினைவில் வைக்கச் சொன்னபோது அதே பெரியவர்களிடம் தோற்றனர். அதாவது அவர்களிடம் இருந்தது எதையும் பிடித்துவைக்கும் அபார ஞாபகசக்தி அன்று, ஒரு துறையில் மட்டும் ஊன்றிய அறிவு.

இதை வைத்து, பயிற்சிதான் எல்லாம் என்று சொல்லிவிட முடியுமா? மேற்கு பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ஆண்டர்ஸ் எரிக்சனும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியே பயின்றிருந்தனர் என்று காட்டியது. அந்தச் சராசரியைப் பிறர் ஒரு விதியாக்கிப் பரப்பியதை எரிக்சனே ஏற்கவில்லை. ஃபெர்னாண்ட் கோபேயும் கியெர்மோ காம்பிதெல்லியும் அர்ஜென்டினாவின் செஸ் ஆட்டக்காரர்களிடம் 2007இல் கண்டது இன்னும் கண்திறப்பது: மாஸ்டர் தரத்தை எட்ட ஒருவருக்கு மூவாயிரம் மணி நேரம் போதுமானதாக இருக்க, இன்னொருவருக்கு இருபத்து மூவாயிரத்துக்கு மேல் தேவைப்பட்டது. ஒரே படியை ஏற ஏறக்குறைய எட்டு மடங்கு வேறுபாடு என்றால், பிறவி இயல்புக்கு இடமே இல்லை என்ற வாதம் நிற்காது. ஜோன் ருட்சாட்ஸ் 2012இல் எட்டுப் பால மேதைகளைச் சோதித்தபோது அவர்களின் நுண்ணறிவு ஈவு 108 முதல் 147 வரை பரவிக் கிடந்தது; ஆனால் செயல்நினைவு, அதாவது ஒரு தகவலை மனத்தில் ஏந்தியபடியே அதன்மேல் வேலை செய்யும் ஆற்றல், எட்டுப் பேரிடமும் நூற்றில் ஒருவருக்கே வாய்க்கும் அளவில் இருந்தது. அதோடு, யாரும் சொல்லாமலே மணிக்கணக்கில் ஒன்றில் மூழ்கி, இழுத்து நிறுத்தினால் அழும் அந்த வெறியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெற்றோராலும் அதை ஊட்ட முடியாது. அணைத்துவிட மட்டும் முடியும்.

பிறவியும் பயிற்சியும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் வீடு. சால்ஸ்பர்க் நகரில் வயலின் ஆசிரியராக இருந்த லியோபோல்ட் மோட்ஸார்ட், தம் மகள் நானெர்லுக்காக 1759இல் ஒரு பயிற்சிக் குறிப்பேட்டைத் தயாரித்தார். அக்காவின் அந்த ஏட்டிலிருந்துதான் தம்பி வோல்ஃப்காங் கற்கத் தொடங்கினான். அதில் ஒரு சிறு இசைத்துண்டின் அருகே, இதை வோல்ஃப்காங் 1761 ஜனவரி 24 அன்று, ஐந்தாம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்பு, இரவு ஒன்பது மணியிலிருந்து ஒன்பதரைக்குள் கற்றான் என்ற பொருளில் தந்தை எழுதி வைத்திருக்கிறார். அரை மணியில் கற்ற பிள்ளையின் வேகம் வியப்புக்குரியதுதான். வயலின் கற்பிக்கும் முறை பற்றி நூலே எழுதிய ஓர் ஆசிரியர், இரவு ஒன்பது மணிக்கு மகன் அருகில் அமர்ந்து கடிகாரத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டார் என்பது அதைவிடக் குறைந்த செய்தி அன்று. பதினோரு வயதில் அவன் எழுதியவையாக எண்ணப்பட்ட முதல் பியானோ கச்சேரிப் படைப்புகள் பிறருடைய இசையைத் தழுவியவை; இன்றைக்கும் மேடையேறும் முதல் பெரும் பியானோ கச்சேரிப் படைப்பு 1777இல், அவனுடைய 21ஆம் வயதில் வந்தது. ஐந்து வயதுக்கும் இருபத்தொரு வயதுக்கும் இடையிலுள்ள பதினாறு ஆண்டு உழைப்பைக் கதை சொல்பவர்கள் சௌகரியமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கர்நாடக இசையின் அண்மைக் கால எடுத்துக்காட்டு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்தின் பாலகொல்லில் 1969இல் பிறந்து, தந்தையின் மாண்டலினைத் தொட்டுத் தொடங்கிய அவருக்குக் குருவாக வாய்த்தவர் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடரான ருத்ரராஜு சுப்பராஜு. இவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். ஸ்வரத்தை அசைத்தும் இழைத்தும் தரும் கமகம் இல்லாமல் இந்த இசை இல்லை. இரட்டைத் தந்திகள் கொண்ட அந்த மேற்கத்தியக் கருவியில் கமகம் எளிதாகப் பேசாது. விரலுக்கு வழிகாட்ட ஆளில்லாத நிலையே, குரலைக் கருவியில் கொண்டுவரும் வழியை அவனே வகுக்கச் செய்தது. ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்மாண்டலின் பின்னர் அவருடைய அடையாளமாயிற்று. ஒன்பது வயதில் குடிவாடாவில் முதல் கச்சேரி. 1981இல் சென்னை டிசம்பர் விழா மேடை. நல்ல ஆசிரியர் என்பவர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுப்பவர் என்ற எண்ணத்தை இந்த ஓர் உதாரணமே அசைத்துவிடுகிறது.

சென்னையின் செஸ் பயிற்சியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. பலகையில் ஒரு சிக்கலான நிலையை வைத்துவிட்டு, காயைத் தொடாமல் மனத்திலேயே நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும்படி மாணவர்களை விடுவது பயிற்சியின் முதுகெலும்பு. விடையை உடனே காட்டும் கணினி இங்கே இடையூறு. குகேஷைப் பயிற்றுவித்த விஷ்ணு பிரசன்னா, மாணவர் கிராண்ட்மாஸ்டர் தரத்தை நெருங்கும்வரை கணினி மென்பொருளை அவரிடமிருந்து விலக்கியே வைத்திருந்தார். 2019 ஜனவரியில் 12 ஆண்டு 7 மாதம் 17 நாள் வயதில் பட்டம் பெற்று, கர்யாகினின் சாதனையை 17 நாளில் தவறவிட்ட அந்தச் சிறுவன், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அந்த 17 நாளைப் பற்றி இன்று யார் கவலைப்படுகிறார்கள்?

இந்த வெற்றிகளுக்குப் பின்னுள்ள ஏணி நீளமானது. 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் சென்னையில் நிறுவிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார், 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், ஆர்.பி. ரமேஷ் 2008இல் தொடங்கிய பயிற்சிக்கூடம் பிரக்ஞானந்தாவையும் அவருடைய அக்கா வைஷாலியையும் வளர்த்தது. செஸ்ஸுக்காக விடுப்புத் தரும் பள்ளியும் வாய்த்தது. இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டினர் என்பதற்குக் காவிரி நீரையோ அரிசிச் சோற்றையோ காரணம் காட்ட வேண்டியதில்லை. செலவும் ஏணியின் பகுதிதான். பட்டத்துக்கு 2500 தரப்புள்ளி போதாது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டம் பெற்றவர்களும் ஆடும் போட்டிகளில் ‘நார்ம்’ எனப்படும் தகுதிச் செயல்பாட்டை வழக்கமாக மூன்று முறை காட்ட வேண்டும், அதற்காக ஐரோப்பாவுக்குப் பலமுறை பறக்க வேண்டும். குகேஷின் தந்தை தம் மருத்துவத் தொழிலை ஒதுக்கிவைத்து மகனோடு பயணம் செய்தார். பிரக்ஞானந்தாவின் தாய் சமையல் சாமான்களோடு போட்டி ஊர்களுக்கு உடன் சென்றார். ஒருவரின் வருமானத்தை விட்டுக்கொடுக்க முடியாத வீட்டில் இதே திறமை பிறந்திருந்தால் அதன் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்காது.

முன்கூட்டியே அளந்து பொறுக்கி எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பலமுறை பொய்த்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் 1921 முதல் கலிஃபோர்னியாவில் உயர் நுண்ணறிவு ஈவு கொண்ட சுமார் 1500 குழந்தைகளைத் தேர்ந்து வாழ்நாள் முழுதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அவர்களுள் ஒருவரும் நோபல் பரிசு பெறவில்லை. தேர்வில் கழிக்கப்பட்ட வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வாரெஸும் பின்னாளில் இயற்பியலுக்காகப் பெற்றனர். ஹார்வர்டில் 1909இல் பதினோரு வயதில் சேர்ந்த வில்லியம் சிடிஸ், புகழிலிருந்து ஓடி ஒளிந்து சாதாரண எழுத்தர் வேலைகளில் வாழ்நாளைக் கழித்தார். அதே ஆண்டுகளில் அங்கே பயின்று 18 வயதில் முனைவரான நார்பர்ட் வீனர், சைபர்னெட்டிக்ஸ் என்ற துறையையே நிறுவினார். இருவரையும் தந்தையரே வீட்டில் வார்த்தெடுத்தனர். பையன் சாதாரணமானவன்தான், வெற்றி என் கற்பிக்கும் முறைக்கே உரியது என்று வீனரின் தந்தை பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார். அதன் விளைவாக வெற்றிகள் தந்தையுடையவையாகவும் தோல்விகள் மட்டும் தன்னுடையவையாகவும் ஆயின என்று வீனர் தம் தன்வரலாற்றில் நொந்து எழுதினார். ‘என் பிள்ளை’ என்று மேடையேறும் பெற்றோர் அந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

நானெர்லின் கதைக்குத் திரும்பினால், அதே வீடும் அதே ஆசிரியரும் அதே ஏடும் அவளுக்கும் இருந்தன. ஐரோப்பிய அரசவைகளில் தம்பியோடு சேர்ந்து வாசித்தாள். 1769 டிசம்பரில் தந்தையும் தம்பியும் இத்தாலிக்குப் புறப்பட்டபோது 18 வயதான அவளை வீட்டில் விட்டுச் சென்றனர். புடாபெஸ்டில் லாஸ்லோ போல்கார் தம் மூன்று மகள்களையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே செஸ் கற்பித்து வளர்த்தது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. இளையவளான யூதித் பிற்காலத்தில் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம்வரை ஏறினார். சென்னையில் தொலைக்காட்சிப் பழக்கத்திலிருந்து விடுபட முதலில் செஸ் வகுப்புக்கு அனுப்பப்பட்டவர் வைஷாலி. அக்காவைப் பார்த்துத்தான் தம்பி காய்களைத் தொட்டார். தம்பி 12 வயதில் பெற்ற பட்டத்துக்கு அக்கா 2023 டிசம்பரில், 22 வயதில் தகுதி பெற்றார். இந்தியாவில் 80க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்க, 2025வரை பட்டம் பெற்ற பெண்கள் கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, வைஷாலி, திவ்யா தேஷ்முக் ஆகிய நால்வரே. அரசும் செஸ் அமைப்புகளும் ஊக்கத்தொகையை வயதுச் சாதனையோடு முடிச்சுப் போடாமல், பதினைந்து வயதைத் தாண்டியும் ஆட வரும் பெண்களுக்கும், அவர்களோடு பயணம் செய்ய வேண்டிய பெற்றோரின் செலவுக்கும் நீட்டித்துத் தர வேண்டும்.