தோழிக்கு நோய் வந்தால் படம் ஓடாதா?

தமிழ் சினிமாவில் புற்றுநோய்கூட காதலுக்குத்தான் வேலை செய்யும். 'பயணங்கள் முடிவதில்லை', 'வாழ்வே மாயம்' இரண்டும் 1982. நோய் ஹீரோவுக்கு, கண்ணீர் காதலிக்கு! ஆண்கள் நட்புக்காவது 'தோழா' (2016) வந்தது. இரண்டு பெண்கள் என்றால் 'பீச்சஸ்' (1988), 'மிஸ் யூ ஆல்ரெடி' (2015) என்று ஆங்கிலப் படங்களுக்குத்தான் ஓட வேண்டும். இங்கே ஹீரோயினின் தோழி லெட்டர் கொடுப்பாள், கிண்டலடிப்பாள், இடைவேளைக்குப் பிறகு காணாமல் போவாள்.

பட்ஜெட் என்று சாக்கு சொல்ல வேண்டாம். ஸ்ரீதர் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தை ஒரே ஆஸ்பத்திரி செட்டில் ஒரு மாதத்துக்குள் முடித்தார், ஓடியது. (அதிலும் கணவன், மனைவி, முன்னாள் காதலன்தான்!)

தஞ்சாவூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பெண்கள் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவள் எப்போதும் மகளோ மருமகளோ இல்லை. சில சமயம் இருபது வருஷம் கூடவே நடவு நட்டவள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாள். அவளை வைத்து இரண்டரை மணி நேரம் கதை சொல்ல முடியாதா?