கணினியும் கங்காணியும்

வணிகக் கல்வியைப் போதிக்கும் நூல்களிலே இன்று ஒரு மந்திரம் ஓயாது ஓதப்படுகின்றது. தகவல் முறைமையைத் தனதாக்கிக்கொண்ட நிறுவனம் போட்டியில் வெல்லும். இலத்திரனியல் வணிகம் சிறியோனையும் பெரியோனையும் ஒரே சந்தையிற் சமமாக நிறுத்தும். இனி நுகர்வோனே மன்னன் என்பதே அம்மந்திரம். மாணவர் இதனை மனனஞ் செய்கின்றனர், ஆசிரியர் வினாத்தாளிற் கேட்கின்றனர், ஒப்புவித்தோர் சித்தியெய்துகின்றனர். ஆயின், வெல்லும் நிறுவனம் யாரை வெல்கின்றது? சமமாக நிறுத்தப்பட்டோர் உண்மையிற் சமமாகவே நிற்கின்றனரா? அம்மன்னனுக்குப் பொதி கட்டும் கைகள் யாருடையவை? இம்மூன்று வினாக்களும் வினாத்தாளில் இடம்பெறுவதில்லை. இடம்பெறாமை தற்செயலன்று, அதுவே அப்போதனையின் அரசியல்.

1985 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையிலே மைக்கேல் போர்ட்டரும் விக்டர் மில்லாரும் எழுதிய கட்டுரை இத்துறையின் மூலநூல் போலப் போற்றப்படுகின்றது. தகவல் தொழில்நுட்பம் தொழிற்றுறைகளின் கட்டமைப்பை மாற்றும், போட்டியில் மேம்பாடு தரும், பழைய தொழிலின் உள்ளிருந்தே புதிய தொழிலைப் பிறப்பிக்கும் என அவர்கள் வாதித்தனர். 2003 இல் அதே சஞ்சிகையில் நிக்கலஸ் கார் என்பார் இதற்கு நேர் எதிராக, கணினி மின்சாரத்தைப் போல எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது, எனவே அதனால் எவருக்கும் தனி மேம்பாடு கிடையாது என்றார். இரு தரப்பாரும் கணினியைப் பார்த்தனரேயன்றி, அதன் உடைமையாளனைப் போதியளவு பார்த்தாரில்லை. பொறியை எவரும் விலைகொடுத்து வாங்கலாம். ஆனால் கோடிக்கணக்கான மாந்தர் வாங்கியதும், விற்றதும், தேடியதும், தேடிக் கைவிட்டதும் ஆகிய பதிவுகளின் குவியலையும், பிறரெல்லாம் கடந்தேயாகவேண்டிய வாயிலையும் எவரும் கடையில் வாங்கிவிட முடியாது. தகவல் முறைமை தரும் மேம்பாடு என்பது அறிவின் மேம்பாடன்று. வாயிலைக் கைப்பற்றியவனின் மேம்பாடே.

இஃது இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். நிறுவனத்துடன் சேர்ந்து அமைத்த சேபர் என்னும் ஆசனப் பதிவு முறைமை 1964 அளவில் முழுமையாக இயங்கத் தொடங்கிற்று. 1976 முதல் அதன் திரைகள் பிரயாண முகவர்களின் மேசைகளிலும் அமர்ந்தன. முகவர்கள் பெரும்பாலும் திரையின் முதற் பக்கத்திலுள்ள விமானங்களையே பதிவு செய்வர் என்பதை அறிந்த நிறுவனம், தன் விமானங்களையே முன்வரிசையிற் காட்டிற்று. போட்டியாளரின் விமானம் மலிவாயினும், நேரத்திற்கு வசதியாயினும், பின்பக்கத்திற் கிடந்தது. இது பற்றி அமெரிக்கக் காங்கிரஸ் விசாரித்தபோது, அந்நிறுவனத்தின் தலைவர் ரொபர்ட் கிரண்டல் நாணவில்லை. தம் விமானங்களை முற்படுத்தி விற்பனையைப் பெருக்குவதற்காகவே இம்முறைமை ஆக்கப்பட்டதெனும் கருத்தை வெளிப்படையாகவே கூறினார். 1984 இல் அரசின் ஒழுங்குவிதி அவ்வோரவஞ்சகத்தைத் தடைசெய்தது. முதலாளியின் வாய்மொழியிலேயே நமக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டது: பட்டியல் என்பது நடுநிலையானதன்று, பட்டியல் போடுபவனுக்கும் ஒரு கட்சியுண்டு.

வோல்மார்ட் இரண்டாம் பாடத்தைக் கற்பித்தது. 1987 இல் தன் கடைகளையெல்லாம் செய்மதி வலையால் இணைத்த அந்நிறுவனம், 1991 இல் ரீட்டெய்ல் லிங்க் என்னும் முறைமையின் வழியே விற்பனை விபரங்களை உற்பத்தியாளருக்குத் திறந்துவிட்டது. தாராளம் என்று புகழ்ந்தனர். ஆயின் அத்தாராளத்தின் விலை யாது? எந்தக் கடையில் எந்தப் பண்டம் குறைகின்றது என்பதைக் கவனித்து உரிய நேரத்தில் நிரப்பும் பொறுப்பும், தவறினால் வரும் நட்டமும் உற்பத்தியாளன் தலையில் ஏறின. அவனுக்குத் தன் பண்டத்தின் கணக்கு மட்டுமே தெரியும். எல்லோர் கணக்கும் தெரிந்தவன் ஒருவனே. விலைபேசும் மேசையில் எதிராளியின் சீட்டுகளெல்லாம் தெரிந்தவனோடு ஆடுவது ஆட்டமாகுமா?

இவ்விரு பாடங்களையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்த மாணாக்கனே அமேசன். 1994 இல் ஜெஃப் பெசோஸ் தொடங்கிய அந்நிறுவனம் 1995 ஜூலையில் புத்தகக் கடையாகத் திறக்கப்பட்டது. எந்தப் பெரிய கட்டடக் கடையும் அடுக்கிவைக்க முடியாத அளவு தலைப்புகள் உள்ள பண்டம் புத்தகம். ஆகவே பட்டியலே கடையாக மாறக்கூடிய முதற்பண்டமும் அதுவே. வாங்குவோன் பணத்தை உடனே செலுத்துவான். பதிப்பாளனுக்கோ வாரங்கள் கழித்தே பணம் போகும். சரக்கு களஞ்சியத்தில் நெடுநாள் கிடக்காதபடி கணினி பார்த்துக்கொள்ளும். இடைப்பட்ட நாட்களில் அப்பணம் நிறுவனத்தின் மூலதனமாய் வேலைசெய்யும். வட்டியின்றிப் பிறர் பணத்தில் வளரும் இவ்வித்தையைத்தான் பாடநூல்கள் தந்திரோபாயம் என மரியாதையாக அழைக்கின்றன.

இனி முதல் வினாவுக்கு வருவோம். வெல்லும் நிறுவனம் யாரை வெல்கின்றது? குழந்தைகளின் அணையாடைகளை இணையத்தில் விற்ற குவிட்சி என்னும் நிறுவனத்தின் கதையை நோக்குக. 2010 இல் அமேசன் அதே பண்டங்களின் விலையை 30 சதவீதம் வரை குறைத்தது. குவிட்சி தன் விலையை மாற்றும்போதெல்லாம் அமேசனின் விலையும் தானாக மாறிற்று. எதிராளியின் விலையை நோட்டமிடக் கணினி அமர்த்தப்பட்டிருந்தது. 2020 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழு நடத்திய விசாரணையில், இதற்காக ஒரே மாதத்தில் 200 மில்லியன் டொலருக்கு மேல் இழக்கவும் அமேசன் துணிந்திருந்ததாக ஆவணங்களைக் காட்டி உறுப்பினர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். முடிவு யாது? அதே 2010 இல் குவிட்சி அமேசனுக்கே விலைப்பட்டது; 2017 இல் அது மூடப்பட்டது. மலிவான அணையாடை தாய்மாருக்குக் கிடைத்த பரிசு எனக் கொண்டாடியோர், அப்பரிசு எத்தனை நாள் நீடித்தது என்பதைச் சொல்வதில்லை.

இரண்டாம் வினா சமத்துவத்தைப் பற்றியது. 2000 நவம்பரில் அமேசன் தன் தளத்தைப் பிற வியாபாரிகளுக்கும் திறந்தது. இன்று அங்கு விற்கும் உருப்படிகளில் பத்திலே ஆறு அவ்வெளியார் விற்பனவே. சந்தையின் உரிமையாளனும் அவனே, சந்தையில் ஒரு கடைகாரனும் அவனே. பக்கத்துக் கடைகாரனின் கல்லாப்பெட்டியை எட்டிப்பார்க்கும் வசதி உள்ளவன் அதைப் பார்க்காது கண்ணை மூடிக்கொள்வான் என நம்புவது எத்தகைய அப்பாவித்தனம்! வெளியாரின் விற்பனை விபரங்களைத் தன் சொந்தச் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது என்னும் குற்றச்சாட்டை ஐரோப்பிய ஆணைக்குழு 2020 நவம்பரில் முன்வைத்தது. 2022 டிசம்பரில், அவ்வாறு இனிப் பயன்படுத்துவதில்லை என அந்நிறுவனம் கட்டுப்பாடு ஏற்றது. 2023 செப்டெம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் 17 மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. தரகு, விளம்பரம், களஞ்சியக் கட்டணம் என வெளியார் செலுத்துவன அவர்தம் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்குவதாக அவ்வழக்குரை கூறுகின்றது. நிறுவனம் இக்குற்றச்சாட்டை மறுக்கின்றது. வழக்கின் தீர்ப்பு எதுவாயினுமாகுக. வாரக்குடியானவன் நிலவுடைமையாளனுக்குச் செலுத்தும் பங்கை அறிந்த நமக்கு, இந்த உறவின் பெயர் புதியதன்று.

நிலத்துக்கு மட்டுமா வாடகை? 2006 முதல் அந்நிறுவனம் தன் கணினி ஆற்றலையே பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகின்றது. 2023 ஆம் ஆண்டில் அதன் செயற்பாட்டு இலாபம் 36.9 பில்லியன் டொலர், அதில் 24.6 பில்லியன் இவ்வாடகைத் தொழிலின் வருவாய். பழைய தொழிலின் உள்ளிருந்து புதிய தொழில் பிறக்குமென்ற 1985 இன் வாக்குப் பலித்துவிட்டது. பிறந்த பிள்ளை வாடகை வசூலிக்கும் பிள்ளையாய் இருப்பதை மட்டும் அவ்வாக்கு முன்னறிவிக்கவில்லை.

மூன்றாம் வினாவே நம் நெஞ்சைத் தொடவேண்டியது. பொதி கட்டும் கைகள் யாருடையவை? பிரான்சிலுள்ள அமேசன் களஞ்சியங்களில் ஒவ்வொரு தொழிலாளியின் கையிலும் பண்டத்தின் குறியீட்டைப் படிக்கும் வருடி ஒன்றுண்டு. அது பண்டத்தை மட்டுமா படிக்கின்றது? ஒரு பண்டத்தைப் படித்த 1.25 விநாடிக்குள் அடுத்ததைப் படித்தால் அன்று அது பிழையாகப் பதிவாயிற்று. அவ்வளவு விரைவிற் கவனமாக வேலைசெய்திருக்க முடியாது என்பது கணினியின் தீர்ப்பாயிருந்தது. வருடி 10 நிமிடம் ஓய்ந்திருந்தால் அதுவும் பதிவாயிற்று. 1 நிமிடத்துக்கும் 10 நிமிடத்துக்கும் இடைப்பட்ட சிறு ஓய்வும் தனியாகப் பதிவாயிற்று. விரைந்தாலுங் குற்றம், தாமதித்தாலுங் குற்றம்! அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு, அளவுமீறிய கண்காணிப்பு எனத் தீர்மானித்து, 2023 டிசம்பரில் 32 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது.

இதை வாசிக்கும் மலைநாட்டு ஆசிரியருக்கு விளக்கம் வேண்டுமா? பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, மலையிற் பின்னால் நின்று விரட்டி, நிறை குறைந்தால் அரைப்பேர் போட்ட கங்காணியை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவர். அந்தக் கங்காணிக்கும் கண்ணயர்வதுண்டு; அவனோடு வாதாடலாம்; அவன் மறந்துவிடுவதுமுண்டு. கையிலேயே ஒட்டிக்கொண்ட இந்தக் கங்காணிக்கோ உறக்கமில்லை, மறதியில்லை, காதுமில்லை. மேசையில் அமர்ந்திருப்போர் தகவல் முறைமை என அழைப்பதைத் தொழிலாளி தன் மணிக்கட்டில் உணர்கின்றான்.

இவற்றையெல்லாம் எடுத்துக்கூறும்போது ஒரு மறுப்பு எழும். இயந்திரத்தை வெறுப்பவர் முன்னேற்றத்தை வெறுப்பவரல்லவா? வீட்டிலிருந்தே மலிவாகவும் விரைவாகவும் பொருள் பெறுவது மக்களுக்கு நன்மையல்லவா? நன்மையே. தூரத்துக் கிராமத்து மாணவன் ஒருவன் தலைநகரிலுங் கிடையாத நூலைப் பெறுவது சிறிய காரியமன்று. கணினியை உடைப்பது நம் கோரிக்கையுமன்று. பண்டத்தின் இருப்பையும் தேவையையும் உடனுக்குடன் அறியும் ஆற்றல் மனித உழைப்பின் பெரும் பேறு. அப்பேறு எவர் கையில், எந்த நோக்கத்துக்காக என்பதே வினா.

வேறு நோக்கத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்பதற்குச் சரித்திரத்திற் சான்றுண்டு. 1971 இல் சிலியில் சல்வடோர் அலெண்டேயின் அரசு, ஸ்டஃபோர்ட் பீர் என்னும் ஆங்கில அறிஞரின் துணையுடன், தேசியமயமாக்கப்பட்ட தொழிற்சாலைகளை டெலெக்ஸ் வலையால் இணைக்கும் சைபர்சின் திட்டத்தைத் தொடங்கிற்று. 1972 ஒக்டோபரில் லொறி உரிமையாளர்கள் நாட்டை முடக்க முயன்றபோது, ஓடக்கூடிய லொறிகள் எங்குள்ளன, எங்கே உணவு தேவை என்ற செய்திகள் அவ்வலையின் வழியே சென்றன. திட்டம் முற்றுப்பெறவில்லை, 1973 செப்டெம்பர் 11 இன் இராணுவச் சதி அரசையும் அதையும் ஒருங்கே அழித்தது. எனினும் தகவல் முறைமைக்கு இலாபத்தைத் தவிர வேறு எசமான் இருக்கவியலாது என்பார்க்கு அதுவே மறுமொழி.

எசமானை மாற்றும்வரை கைகட்டி நிற்கவேண்டியதுமில்லை. 1984 இன் ஒழுங்குவிதி ஒரு திரையைத் திருத்திற்று. களஞ்சியத் தொழிலாளருக்கு விதிக்கப்படும் வேலையளவை அவர்களுக்கு வெளிப்படுத்த வேண்டுமென்றும், அது உணவு வேளையையும் மலசலகூடம் செல்லும் நேரத்தையும் பறிக்கலாகாதென்றும் கலிபோர்னியாவின் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரிலில் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவுக் களஞ்சியத் தொழிலாளர் 2,131 வாக்குகளுக்கு எதிராக 2,654 வாக்குகளால் தொழிற்சங்கத்தைத் தெரிவுசெய்தனர். அமெரிக்க மண்ணில் அமேசன் தொழிலாளர் வாக்கெடுப்பில் வென்ற முதற்சங்கம் அதுவே. உறங்காத கங்காணியின் பிடிக்குள் நின்றுகொண்டே ஒருவரோடொருவர் பேசி அவர்கள் அதைச் சாதித்தனர். நிறுவனம் முடிவை எதிர்த்தது, பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. போராட்டம் வாக்கெடுப்போடு முடிவதில்லை என்பதும் அதனாற் தெளிவாயிற்று.

நம் நாட்டின் நிலையையும் ஒருகணம் நோக்குவோம். 1883 முதல் நேரிற் குரல்கொடுத்து நடந்த கொழும்புத் தேயிலை ஏலம், நீண்டகாலம் பேசப்பட்டும் மாறாதிருந்தது. 2020 ஏப்ரிலில் நோய்ப்பரவலின் மத்தியில் சில வாரங்களுள் இணையத்துக்கு மாறிற்று. வாங்குவோருக்கும் விற்போருக்கும் விலைவிபரம் நொடியிற் பறக்கின்றது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா என்னும் கோரிக்கையோ பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சிலேயே சம்பள நிர்ணயசபையின் வழியாகச் சட்டமாயிற்று. ஏலத்தை விரைவாக்கத் தெரிந்தவர்களுக்குச் சம்பளத்தை விரைவாக்கத் தெரியாமற் போனது கணினியின் குறைபாடா?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் நாம் சொல்வது இதுவே. தகவல் முறைமையைக் கற்பியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள், ஐயந்திரிபறக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தந்திரோபாயம் என்ற சொல் பாடத்தில் வருமிடத்தெல்லாம், அது யாருக்கு எதிரான தந்திரம் என்ற வினாவையும் கூடவே எழுப்புங்கள். தரவு எங்கே சேர்கின்றது, அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது, அளக்கப்படுபவனுக்குத் தன்னை அளக்கும் கோலைப் பார்க்க உரிமையுண்டா என வகுப்பறையிற் கேளுங்கள். வினாத்தாளில் இல்லாத இவ்வினாக்களுக்கு விடைதேடும் தலைமுறையே, நாளை அந்தக் கோலைக் கைமாற்றும் தகுதியைப் பெறும்.