இதை வெச்சு என்ன பண்ணப் போற?

தீப்பெட்டிக்குள்ள ஒரு டீக்கடை கட்டிட்டிருக்கேன். நிஜமாத்தான். உள்தட்டை உருவி நிமிர்த்தி வெச்சா அதுதான் கடை. பல் குத்துற குச்சியில பெஞ்சு. களிமண்ணுல மிளகளவு பன். பாய்லர் மட்டும் பாக்கி. மாத்திரை அட்டை இருக்கில்ல, அதோட பின்பக்கத் தாளை உரிச்சு உருட்டணும். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம்தான் மாசக்கணக்கா சிக்கவே மாட்டேங்குது.

‘காலையில அஞ்சு மணிக்கு எழுந்துக்கோம்மா, எல்லாத்துக்கும் நேரம் கிடைக்கும்’னு சொல்றவங்க இப்பவே பக்கத்தைப் புரட்டிடுங்க. அஞ்சு மணிக்கு எழுந்துதான் இட்லி ஊத்தறேன். ஜனங்க நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு 2019-ல தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒரு கணக்கெடுப்பு நடத்துச்சு. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைக்கு அப்போ அதுலயே ஒரு நாளைக்கு 299 நிமிஷம் போச்சு. ஆம்பளைக்கு 97. அந்த 97-ம் வேலை செய்யற ஆம்பளைங்களோட சராசரிதான். அடுப்படியை எட்டியே பார்க்காத மகராசனுங்க அதுல வரல.

சரி, வீட்டுல நேரமே இல்லையான்னா, இருக்கு! அதுதான் வயித்தெரிச்சல். பையனோட ஸ்கூல்ல சூரியக் குடும்பம் மாடல் செஞ்சுட்டு வரச் சொன்னாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துட்டு தெர்மாகோல் வாங்கக் கிளம்பறார். ‘பாத்திரத்தை நான் பார்த்துக்கறேன், நீ போய்ச் செய்ம்மா’ங்கறாங்க மாமியார். சனிக்கு வளையம் வெட்டினது நான். வியாழனுக்குப் பட்டை பட்டையா கலர் அடிச்சது நான். மார்க்கு பையனுக்கு. கொலு வந்தா கேட்கவே வேண்டாம். படிக்குப் பக்கத்துல பார்க், குளம், கேழ்வரகு முளைக்க வெச்ச புல்வெளி… வர்றவங்க எல்லாரும் ‘உனக்குக் கைவேலை எவ்வளவு நல்லா வருது!’ம்பாங்க. விஜயதசமி முடிஞ்சு பொம்மையைப் பரண்ல ஏத்தினப்புறம் அதே பசை பாட்டிலைத் தொட்டுப் பாருங்க. ‘என்ன இது, சின்னப் பிள்ளையாட்டம்?’

மார்க்குக்குன்னா செய்யலாம். சாமிக்குன்னா செய்யலாம். சும்மா, எனக்குப் பிடிச்சிருக்குன்னு செஞ்சா மட்டும் எல்லாருக்கும் என்னமோ பண்ணுது.

திட்டறவங்களாவது பரவாயில்ல. பாராட்டறவங்கதான் பயமுறுத்தறாங்க. எதிர் ஃப்ளாட் பொண்ணு பார்த்துட்டு, “ஐயோ அக்கா, செம! ஆர்டர் எடுப்பீங்களா? எங்க கிரகப்பிரவேசத்துக்கு ரிட்டர்ன் கிஃப்டா ஒரு நூறு பீஸ்?”னா. நூறு டீக்கடை! நான் என்ன ஃபிரான்சைஸா நடத்தறேன்? சித்தி பையன், இன்ஸ்டால பேஜ் ஆரம்பி, ரிங் லைட் வாங்கு, தினமும் ரீல்ஸ் போடுங்கறான். அண்ணி மட்டும் நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க. “ஒரு பெட்டிக்கு என்ன ரேட் வைக்கலாம்?” தீப்பெட்டி ரேட் ரெண்டு ரூபா அண்ணி. 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே வித்துட்டு, சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டைன்னு எல்லாம் ஏறி, தாக்குப்பிடிக்க முடியாம 2021 டிசம்பர்லதான் தீப்பெட்டி தயாரிக்கறவங்களே விலையை ஏத்தினாங்க. சிவகாசி, கோவில்பட்டிக்காரங்களுக்கு இருந்த பொறுமைகூட எங்க வீட்டு ஆளுங்களுக்கு ஒரு காலிப் பெட்டி விஷயத்துல இல்ல.

ஆபீஸ் கதை தனி. ‘ஃபன் ஃப்ரைடே’ன்னு எல்லாருக்கும் மண்டலா பிரின்ட் அவுட் கொடுத்து, ஸ்ட்ரெஸ் குறையும், கலர் அடிங்கன்னாங்க. அடிச்சதைக் கையில பிடிச்சு, சிரிச்சு, கம்பெனி பேஜுக்கு ஒரு போட்டோ. அப்புறம் ஃபீட்பேக் ஃபார்ம். அதுல போன ஒரு மணி நேர வேலையை முடிச்சுட்டுக் கிளம்பறப்போ பஸ் ஸ்டாப்ல ஆளே இல்ல.

சும்மா செய்யறதுக்கு நேரம் கிடையாதுங்கற இந்தப் புத்தி ஸ்கூல்லயே ஏறிடுது. கணக்கு டீச்சர் வாசல்ல நின்னு ‘போர்ஷன் முடியல சார்’னா, டிராயிங் சார் சாக்பீஸை வெச்சுட்டு எழுந்து போயிடுவார். கணக்கு பீரியடை டிராயிங் சார் கடன் வாங்கி யாராவது பார்த்திருக்கீங்களா? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரிப் பாடங்களுக்கு 2012-ல 16,549 பேரைப் பகுதிநேரமா எடுத்தாங்க. அப்போ சம்பளம் மாசம் 5,000 ரூபா. பணி நிரந்தரம் கேட்டு அதுக்கப்புறம் எத்தனை போராட்டம்! படம் வரையச் சொல்லித் தர்றவருக்கே அரைநாள்தான்னா, அவர்கிட்டப் படிச்ச பிள்ளை வளர்ந்து எங்கேர்ந்து நேரத்தைக் கொண்டு வரும்?

அப்படியும் நேரத்தைக் கண்டுபிடிச்ச ஒருத்தர் உண்டு. சண்டிகர்ல நேக் சந்த்னு ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் இருந்தார். 1957 வாக்குல ஆரம்பிச்சு, வேலை முடிஞ்சப்புறம் உடைஞ்ச வளையல், ஓடு, பீங்கான் துண்டுன்னு பொறுக்கிட்டுப் போய், காட்டுக்குள்ள பொம்மை பொம்மையா செஞ்சு குவிச்சார். பல வருஷம் யார் கண்ணுலயும் படாம! அரசாங்க நிலம், தெரிஞ்சா வம்புன்னு காரணம் சொல்றாங்க. எனக்கென்னமோ ‘ஆர்டர் எடுப்பீங்களா’வுக்குப் பயந்துதான்னு தோணுது. கடைசியில விஷயம் வெளிய வந்து, அது ராக் கார்டனா 1976-ல திறந்தாச்சு. 1984-ல அவருக்குப் பத்மஸ்ரீ. நல்ல மனுஷன்.

ஆனா ஒண்ணு. ராத்திரி அவர் காட்டுல கல்லு அடுக்கிட்டிருந்தப்போ, வீட்டுல சோத்தை மூடி வெச்சுட்டு அந்த 299 நிமிஷத்தைப் பார்த்துக்கிட்டது யாரு? பத்மஸ்ரீ பட்டியல்ல அந்தப் பேரும் இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.