மாகேயும் பாண்டியும் ஒன்றா?

போன மாதம் என் தங்கையின் பேத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு படிக்கிறாள். புதுச்சேரிப் பெண்களின் இரத்தசோகை பற்றி ஆய்வேடு. தரவு, தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று. 2019-21இல் நாடு முழுக்க 6,36,699 வீடுகளில் ஏறி இறங்கிச் சேர்த்தது.

"தாத்தா, நீங்க புள்ளிவிவர செக்‌ஷன்லதானே இருந்தீங்க, ஒரு தடவை பாருங்க" என்றாள்.

இருந்தேன். குமாஸ்தாவாக. கொம்யூன்களிலிருந்து வரும் பிறப்பு இறப்புக் கணக்கைக் கூட்டி மேலே அனுப்புவது என் வேலை. ஆனாலும் அட்டவணையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. எங்கேயும் எடை போடவில்லை.

கேட்டால் ஒரு கதை சொன்னாள். முதலில் எடை போட்டாளாம். புதுச்சேரிப் பெண்களின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் வந்ததாம்! அந்தத் தரவில் எடையைப் புள்ளி இல்லாமல் எழுதியிருப்பார்கள். பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். கூட வரும் கையேட்டிலேயே இருக்கிறது. வழிகாட்டி பேராசிரியர் என்ன சொன்னாராம் தெரியுமா? "எடையெல்லாம் எதுக்கும்மா குழப்பம், எடுத்துடு." எடுத்துவிட்டாள். எஸ்.பி.எஸ்.எஸ். முகம் சுளிக்காமல் விடை கொடுத்துவிட்டது. மூன்று தசமப் புள்ளியோடு.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எங்களுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு 'கோஎஃபிசியான்' உண்டு. கணக்குக்குப் பெரிது, ஓவியத்துக்குச் சிறிது. இருபதுக்கு வாங்கிய மார்க்கை அதால் பெருக்கித்தான் 'மொய்யேன்' போடுவார்கள். ஓவியத்தில் பதினெட்டு வாங்கிவிட்டு அப்பாவிடம் பீற்றிக்கொள்ள முடியாது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரிந்த இந்த விஷயம் முனைவர் பட்டம் வாங்கியவருக்குக் குழப்பமாம்!

நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி 9,50,289 பேர், காரைக்கால் 2,00,222, ஏனாம் 55,626, மாகே 41,816. மாவட்டவாரியாக எண் தரவேண்டும் என்பதால் மாகேயிலும் போதுமான வீடுகளை எடுத்தாக வேண்டும். ஆகவே மாதிரியில் மாகேக்காரர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிட மிகப் பெரிது. அதைச் சரிக்கட்டத்தான் எடை. ஒரு பேச்சுக்கு, நான்கிலும் சமமான வீடுகள் எடுத்ததாக வையுங்கள். ஒரு குறைபாடு மாகேயில் 80 சதவீதம், மற்ற மூன்றிலும் 40 என்றும் வையுங்கள். எடை இல்லாமல் கூட்டினால் ஐம்பது. எடையோடு கூட்டினால் நாற்பத்தொன்று. நூற்றுக்கு மூன்றரைப் பேர்கூட இல்லாத ஊர், ஒரு மாநிலத்தின் கணக்கையே ஒன்பது புள்ளி தூக்கிவிடுகிறது. மாத்திரை கொள்முதல் செய்பவர் எந்த எண்ணை நம்புவார்?

எடை போட்டாலும் பாதி வேலைதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது நன்றாகக் கிளறிய பானைக்கு. இந்த ஆய்வில் முதலில் ஊரையோ நகரத்தின் ஒரு பகுதியையோ தேர்ந்தெடுத்து, பிறகு அங்கே 22 வீடுகளைத் தேர்வு செய்கிறார்கள். அந்த 22 வீட்டுக்கும் அநேகமாக ஒரே ரேஷன் கடை, ஒரே குடிநீர், ஒரே நர்சம்மா. இருபத்திரண்டு சாட்சிகள் என்று நினைக்கிறோம். பலர் சொல்வது ஒரே வாக்குமூலம். இதைச் சொல்லாவிட்டால் மென்பொருள் பிழை வரம்பைச் சிறிதாகக் காட்டிவிடும். இல்லாத வித்தியாசமெல்லாம் முளைக்கும். பத்திரிகைக்காரர்கள் அதை வைத்துத்தான் "அந்த மாவட்டம் பின்தங்கியது" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள்.

மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸுக்கு இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, ஸ்டேட்டாவில் ஒரு கட்டளை இருக்கிறது. காசில்லை என்றால் ஆர் இலவசம். தாமஸ் லம்லி என்பவர் எழுதிய 'சர்வே' என்ற தொகுப்பும் இலவசம். எடை எது, கொத்து எது, அடுக்கு எது என்று மூன்று விவரம் கேட்கும். ஒரே வரி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது இயந்திரத்தின் குற்றமா?

இரண்டு சாயந்திரம் உட்கார்ந்தோம். தட்டச்சு அவள், முணுமுணுப்பு நான். இரண்டு மாவட்டங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு என்று அவள் ஓர் அத்தியாயமே எழுதியிருந்தாள். சரியாகப் போட்டதும் அந்த வேறுபாடு பிழை வரம்புக்குள் கரைந்துபோனது. பிள்ளை முகம் வாடிவிட்டது. "முடிவே இல்லாம எப்படி தாத்தா ஆய்வேடு?" என்றாள். வேறுபாடு தெரியவில்லை என்பதும் முடிவுதான் என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை.

பழைய அத்தியாயத்தை அவளே அழித்தாள். புதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பேராசிரியர் ரொம்ப நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தாத்தா எந்த காலேஜ்ல புரொபசர்?" என்று கேட்டாராம்.

"யூ.டி.சி.யா ரிட்டயர் ஆனவர் சார்" என்றாளாம். கையெழுத்து இன்னும் வரவில்லை.