சாயநீரும் உயர்கல்வியும்

தறி நெய்வோருக்கும் ஏர் பிடிப்போருக்கும் தொழில் வேறு, நீர் ஒன்றே. தென்னேரி ஏரி நிரம்பினால் கழனி விளைகிறது; கிணறு ஊறினால் சாயப்பட்டறையில் பட்டு நிறமேறுகிறது. ஆகவே நீரைப் பற்றிய எக்காரியமும் நம் சங்கத்தின் இரு சாராருக்கும் பொதுவானதே. அவ்வெண்ணத்துடன், அங்கத்தினர்களின் பிள்ளைகள் மேற்கொள்ளத்தக்க ஒரு படிப்பைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகிறோம். குடிநீர், கழிவுநீர்ப் பொறியியலில் முதுநிலைக் கல்வியே அது.

கச்சாப் பட்டின்மேல் இயற்கையாகவே ஒரு பசை படிந்திருக்கிறது. சவர்க்காரமும் சோடாவும் கலந்த வெந்நீரில் காய்ச்சி அதனை நீக்கிய பின்னரே சாயம் நன்கு பற்றும். அதனால் பட்டின் எடை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவதை நெசவாளர் யாவரும் அறிவர். குறைந்த எடை எங்கே போயிற்று என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அது நீரோடு வெளியேறி, தேங்கிய இடத்தில் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிடுகிறது. சாயமும் உப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

இதனைப் பொருட்படுத்தாதிருந்தால் என்ன நேரும் என்பதற்கு நொய்யல் ஆறே சாட்சி. பாசனத்துக்கென 1992ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை திருப்பூர்ச் சாயநீரின் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வயலும் கெட்டது, வேலையும் போயிற்று. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பும் இதே பாடத்தையே புகட்டுகிறது. உழவரும் தொழிலாளரும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும் நிலை நம் ஊருக்கு வரவேண்டாம்.

தீர்க்க வழியில்லாத பிரச்சினையன்று இது. சென்னைக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் தொடங்கிய அதே 1914ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே அதனைத் தூய்மையாக்கும் முறையை வெளியிட்டனர். இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் அம்முறையைக் கையாளுகின்றன. நமக்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2019இல் தொடங்கப்பட்ட கோயம்பேட்டு நிலையம், நாளொன்றுக்கு 4 கோடியே 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் திறனுடையது. நகரம் கழித்த நீர் ஆலைக்கு உதவுமாயின், பட்டறை கழித்த நீரைச் சீர்ப்படுத்துவதும் அரிதன்று.

ஆனால் பிற நாட்டு முறையை அப்படியே கொணர்ந்து நாட்டிவிட முடியாது. கழிவின் கடுமையை அளக்கும் சோதனையை மேலை நாட்டார் 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் செய்வர். நம் நாட்டின் வெம்மை கருதி, இங்கே 27 டிகிரியில் 3 நாள் செய்கின்றனர். இவ்வாறு இடமறிந்து வகை செய்வதற்கே ஆழ்ந்த கல்வி வேண்டும்.

கட்டடப் பொறியியல் போன்ற துறைகளில் 4 ஆண்டுப் பட்டம் பெற்றவர் இதனை மேலும் 2 ஆண்டு பயிலலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சுற்றுச்சூழல் பொறியியல் என்ற பெயரில் இக்கல்வி உண்டு. நீரின் இரசாயனம், நுண்ணுயிரியல், குழாய்களில் நீரோட்டம், சுத்திகரிப்பு நிலையங்களின் அமைப்பு ஆகியவை பாடங்கள். கேட் என்னும் அகில இந்தியத் தேர்வில் தகுதி பெற்றுச் சேர்வோர்க்கு மாத உதவித்தொகையும் கிடைக்கக்கூடும்.

"பட்டம் பெற்ற பிள்ளை உடனே சம்பாதிக்க வேண்டாமா? மேலும் படித்தவன் ஊருக்குத் திரும்புவானா?" என்று சிலர் கேட்கலாம். இரண்டும் நியாயமான கேள்விகளே. கடன்பட்ட குடும்பத்துக்கு 2 ஆண்டு என்பது நீண்ட காலம். படித்தவர் அனைவரும் திரும்புவர் என்று உறுதி கூறவும் நம்மால் இயலாது. எனினும், திரும்பி வருவோர்க்கு இங்கே வேலை உண்டு என்று நாம் காட்டியதுண்டா? வேலை காட்டாத ஊர், பிள்ளையைக் குறை கூறுதல் முறையன்று.

ஆகையால் நமது அபிப்பிராயம் இது: சட்டதிட்டங்கள் இடங்கொடுக்கும் அளவில், சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து, அங்கத்தினர் குடும்பத்து மாணவர் அல்லது மாணவி ஒருவருக்கு இப்படிப்புக்காக உதவி செய்யலாம். அவரது இறுதியாண்டு ஆய்வுக்கு நம் பட்டறைகளின் சாயநீரையே பொருளாகக் கொள்ளும்படி கேட்டுக்கொள்ளலாம். ஊருக்குத் திரும்பாவிடினும் அந்த ஆய்வு நம்மிடம் தங்கும்.

ஏரிக்கரையைக் காக்க முன்னோர் ஆண்டுதோறும் மண் சுமந்தனர். ஏரிநீரைக் காக்க நாம் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்போம். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.